பட்டியலில் இல்லாத வாத்து

1

இந்தக் கதை எனக்கு ஒரு தச்சுப் பட்டறையில் கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் தேடிப் போனது கதையை அல்ல. என் கட்டிலின் கால் உடைந்திருந்தது. கட்டிலைத் தூக்கிக்கொண்டு தச்சர் உஸ்தா பஸாதாவின் பட்டறைக்குப் போனபோது அவர் ஒரு மரப்பெட்டிக்கு உள்ளே தலையை விட்டு வைக்கோல் அடைத்துக்கொண்டிருந்தார். பெட்டியின் நாலு பக்கமும் மேல்நோக்கி அம்புக்குறி. யாருக்கு என்று கேட்டேன். உம்மு வெஸ்ஸாவுக்கு என்றார் தலையை எடுக்காமலே.

"வர்றாளா, போறாளா?"

"போறா. வந்து நாப்பது நாளாச்சு. விருந்தாளின்னா கெளம்பணும்ல."

உம்மு வெஸ்ஸா என்றால் வாத்துக்காரி அம்மா. சுண்ணாம்புக் கல்லில் செய்த ஒரு முழ உயரச் சிலை. நாலாயிரம் வயதுக்குக் கொஞ்சம் குறைவு. மடியில் ஒரு வாத்தை அணைத்தபடி உட்கார்ந்திருப்பாள். ஐரோப்பாவில் ஒரு நகரத்து அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறாள். அந்த நகரத்தில் குடை, பை, காபிக் கோப்பை எதை வாங்கினாலும் அவள் படம் இருக்குமாம். (எந்த நகரம் என்று சொல்லமாட்டேன். சொன்னால் வழக்கு வரும். எனக்குத் தெரிந்த ஒரே வக்கீல் என் மைத்துனன்.)

பஸாதா பெட்டியை மூடுவதற்குள் பாதிக் கதையைச் சொல்லிவிட்டார். மீதியைப் பள்ளி ஆசிரியை அப்லா இன்ஷிராஹ் சொன்னார். நடுவில் கொஞ்சம் நானாகச் சேர்த்தேன். எது எது என்று போகப் போகச் சொல்கிறேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

நைல் நதியின் கிழக்குக் கரையில், பேரீச்ச மரங்களின் நிழலில், காலம் உறைந்து—

நிறுத்திவிட்டேன். எகிப்தைப் பற்றி எழுதுகிற எல்லோருக்கும் காலம் உறைந்துவிடுகிறது. நான் இங்கே மின்யா மாகாணத்துச் சர்க்கரை ஆலையில் பத்தொன்பது வருடமாகக் கொதிகலன் பார்க்கிறவன். இங்கே எதுவும் உறைந்து நான் பார்த்ததில்லை. சர்க்கரைப்பாகுகூட.

அடுத்த தொடக்கம்:

1911-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, நஸ்லத் ஷாஹீன் கிராமத்தின் பின்னாலிருக்கும் குன்றில்—

இது பரவாயில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை என்பது என் கைச்சரக்கு. ஊரின் பெயரும்தான். மெய்யான பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் என் ஆலைக்கே வந்து எழுத்துப்பிழை திருத்துவார்கள். ஊரே ஒரு ஆசிரியையிடம் படித்த ஊர்.

அந்த ஆசிரியையிலிருந்து தொடங்குவதுதான் நியாயம்.

3

அப்லா இன்ஷிராஹ் காலணிகளைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகிறவர். இங்கே ஆசிரியைகளை அப்லா என்று கூப்பிடுவார்கள். பெரிய சாலையிலிருந்து நஸ்லத் ஷாஹீனுக்கு நாலு கிலோமீட்டர் மண்பாதை. மழையே பெய்யாத ஊரில் வருடத்தில் பாதி நாள் சேறு. பக்கத்து வாய்க்கால் கசிகிறது. கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற நாளில் பாதையும் சேர்ந்து குடிக்கிறது. ஐம்பத்திரண்டு வயது, கனத்த உடம்பு, இருபத்தெட்டு வருட அரபி இலக்கணம். தலைமையாசிரியை ஆனபிறகும் காலணி கையில்தான்.

ஒன்பது வருடங்களுக்கு முன்பு ஒரு மாணவி அவரிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் காட்டினாள். அட்டையில் உம்மு வெஸ்ஸா. யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது. இது நம்ம ஊர்க்காரி என்று வீட்டில் சொல்கிறார்களே, அப்படியானால் ஏன் இங்கே இல்லை என்று கேட்டாள். அப்லாவுக்குப் பதில் தெரியவில்லை. தெரியாததை நாளைக்குச் சொல்கிறேன் என்று மழுப்புகிற பழக்கமும் அவருக்கு இல்லை. அன்றைக்கே முதல் கடிதம் எழுதினார், அரபியில். ஆங்கிலத்தில் எழுதினால் என்ன என்று ஊர்த்தலைவர் கேட்டபோது, நாலாயிரம் வருடத்து எழுத்தைப் படிக்கவே அங்கே ஆள் வைத்திருக்கிறார்கள், இன்றைக்குப் பேசுகிற அரபியைப் படிக்க ஆள் இருக்காதா என்றாராம்.

பதில் வந்தது. பண்பான பதில். 1911-இல் தோண்டி எடுத்த பொருட்களை அன்றைய சட்டப்படி இரண்டு பங்காகப் பிரித்தார்கள். அரசின் ஆய்வாளர் பட்டியலைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். வெளிநாட்டார் பங்கில் இவள் வந்தாள். பட்டியலின் நகலையும் இணைத்திருந்தார்கள். நாற்பத்தேழாவது வரி: உட்கார்ந்த உருவம், கல், சேதமடைந்தது, ஒன்று.

அப்லா அந்த வரியை எத்தனை முறை படித்தாரோ தெரியாது. அடுத்த கடிதத்தில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். வாத்து எங்கே?

அவர் சொல்ல வந்தது இதுதான். மடியில் வாத்து இருப்பதுதான் அந்தச் சிலையின் அதிசயம். அதை எழுதியிருந்தால் ஆய்வாளர் கிடங்குக்குள் போய் ஒரு தடவை பார்த்திருப்பார். பார்த்திருந்தால் விட்டிருக்கமாட்டார். மறதியா, வேண்டுமென்றே செய்ததா? எழுதினவரும் கையெழுத்துப் போட்டவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எனக்கும் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதினால் இந்தக் கதை இன்னும் விறுவிறுப்பாக இருக்கும், ஆனால் செய்யமாட்டேன்.

ஒன்பது வருடத்தில் பதினொரு கடிதங்கள். வாத்துக்கு மட்டும் பதில் வரவே இல்லை. பன்னிரண்டாவதை எழுத உட்கார்ந்த வாரத்தில் அங்கிருந்து ஒரு செய்தி வந்தது. புதிதாகப் பொறுப்பேற்ற டாக்டர் மாரித் என்ற பெண்மணி எழுதியிருந்தார். உங்கள் ஊருக்கு ஓர் அன்பளிப்பு அனுப்புகிறோம்; மிக நுட்பமான நகல்; அசலோடு பக்கத்தில் வைத்தால் எங்களுக்கே அடையாளம் தெரியாது; பார்வையாளர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் வேண்டியதெல்லாம் இதில் இருக்கிறது.

4

இந்த இடத்தில் உம்தா வஹ்தான் வரவேண்டும். உம்தா என்றால் ஊர்த்தலைவர். முதல் வரைவில் அவரை வில்லனாக்கியிருந்தேன். மீசைகூட வைத்துவிட்டேன். நகலை வாங்கிக்கொண்டு வாயை மூடச் சொல்கிற ஆள், கதைக்கு வசதியான ஆள். பிறகு அவர் வீட்டில் ஒரு நாள் சாப்பிட்டேன். வெயிலில் புளிக்கவைத்துச் சுட்ட ரொட்டியும் மொளகிய்யாக் கீரையும். சாப்பிட்டுக்கொண்டே அவர் ரிதா என்ற பெண்ணின் கதையைச் சொன்னார். போன வருடம் அவளைப் பிரசவத்துக்கு ஏற்றிப் போன ஆட்டோ அந்தச் சேற்றில் புதைந்துவிட்டது. ஆம்புலன்ஸ் பெரிய சாலையில் நின்று விளக்கைச் சுழற்றிக்கொண்டிருந்தது. குழந்தை ஆட்டோவிலேயே பிறந்தது. இரண்டு பேரும் பிழைத்தார்கள். உம்தா முழங்காலளவு சேற்றில் நின்று ஆட்டோவைத் தள்ளியவர்களில் ஒருவர்.

மீசையை எடுத்துவிட்டேன்.

ஏனென்றால் அந்த நகலால் உம்தாவுக்கு வேண்டியிருந்தது சாலை. ஊரில் பார்வையாளர் கூடம் ஒன்று வந்தால் அந்தப் பாதைக்குத் தார் போடும் திட்டத்தில் சேர்க்கலாம் என்று மாகாண அலுவலகத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள். கூடத்துக்கு ஒரு சிலை வேண்டும். சிலை கப்பலில் வந்துகொண்டிருந்தது.

அப்லாவும் சாலையை வேண்டாம் என்கிறவர் இல்லை. தினமும் காலணியைக் கையில் பிடித்து நடப்பவர் அவர்தானே.

5

நகலை எடுத்துவர இரண்டு பேரும் ரயிலேறி அலெக்சாண்டிரியா துறைமுகத்துக்குப் போனார்கள். இந்தக் காட்சியை நான்கு தடவை எழுதிப் பார்த்தேன். நான்கிலும் அப்லாவை அழவைத்தேன். படித்துக் காட்டியபோது அவர், "நான் அழலையே பாஷ்முஹந்திஸ்" என்றார். எஞ்சினியர் ஐயா என்று அர்த்தம்; என்னை அப்படித்தான் கூப்பிடுவார். "எனக்கு அங்க பசிதான் வந்துச்சு. அத எழுதுங்க."

எழுதுகிறேன். அப்லாவுக்குப் பசி. காலையில் ரயிலில் சாப்பிட்ட இரண்டு அவித்த முட்டைதான். சுங்க அலுவலகத்தில் உஸ்தாத் ஃபஹ்மி என்ற அதிகாரியின் மேசைமேல் பெட்டி திறந்திருந்தது. தொல்பொருள் ஆய்வாளர் ஏற்கெனவே வந்து தட்டிப் பார்த்து, உள்ளே சாந்தும் பிசினும்தான், பழைய கல் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஆனால் பெற்றுக்கொள்கிறவரின் உறுதிமொழி இல்லாமல் பெட்டியை விட முடியாது.

"ஒன்னும் பெரிய விஷயமில்ல அப்லா. இது உம்மு வெஸ்ஸா இல்லன்னு உங்க கையால எழுதிக் கொடுத்துட்டா போதும்."

"ஒம்பது வருஷமா அவ எங்க ஊர்க்காரின்னு எழுதிட்டிருக்கேன். இப்ப இவ அவ இல்லன்னு எழுதணும்."

"அசல்னு எழுதினீங்கன்னா இங்கயே பிடிச்சு வைக்கணும். நகல்னு எழுதினாத்தான் விடுவேன்."

"அப்ப அசலே ஒரு நாள் வந்தா?"

ஃபஹ்மி பேனாவை மூடி வைத்துவிட்டு உண்மையாகவே யோசித்தார். "என் மேசைக்கு இதுவரைக்கும் வந்ததில்ல. அதுக்குப் படிவம் இருக்கான்னு பாக்கணும்."

அப்லா பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். படத்தில் அல்லாமல் அந்த உருவத்தை முதன்முதலாக அன்றைக்குத்தான் பார்க்கிறார். நினைத்ததைவிடச் சின்னவள். வாத்தின் அலகில் நுனி உடைந்திருந்தது. உடைசலையும் அப்படியே நகலெடுத்திருந்தார்கள். அவளுடைய கை வாத்தின் கழுத்தைப் பிடிக்கவில்லை. ஓடிப்போகாது என்று நம்புகிற கை, சும்மா மேலே கிடந்தது. படங்களில் அது தெரிந்ததே இல்லை. அதைத் தொடலாமா என்று ஒரு நொடி தயங்கி, பிறகு நகல்தானே என்று தொட்டார். தொட்டபிறகு நகல்தானே என்று நினைத்ததற்காக வெட்கப்பட்டார்.

படிவத்தை வாங்கி எழுதினார்: இது அவள் இல்லை. இலக்கணம் சரியாக, புள்ளிகள் சரியாக, கீழே கையெழுத்தோடு. வெளியே வந்து ஒரு தட்டு நிறைய பொரித்த மீன் சாப்பிட்டார்.

(அழவில்லை. ஆனால் மீன்கடையில் எலுமிச்சையைப் பிழிந்துகொண்டே இருந்தாராம். சாறு தீர்ந்தபிறகும். இதை உம்தாதான் சொன்னார்.)

6

நகல் பள்ளிக்கூடத்தின் நூலக அறையில் வந்து உட்கார்ந்த முதல் வாரம் ஊரே திருவிழாவானது. எழுத எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது; ஆனால் கதையை நகர்த்தாது, அதனால் சுருக்குகிறேன். பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள். வாத்து வளர்க்கிற பெண்கள் அவள் வாத்தைப் பிடித்திருக்கும் விதம் சரியா தப்பா என்று ஒரு மாலை முழுக்க வாதிட்டார்கள். கசாப்புக் கடை சாபிர், மூக்கு தன் அத்தை மூக்கு என்று உரிமை கொண்டாடினார். அத்தை அதை ரசிக்கவில்லை. சின்ன வகுப்புப் பிள்ளைகள் உண்மையான ஒரு வாத்தைக் கொண்டுவந்து அவளுக்குக் காட்டினார்கள். அது நூலகத்தில் செய்த காரியத்தை இங்கே எழுதவில்லை.

அப்லாவும் சந்தோஷமாகத்தான் இருந்தார், பெட்டியின் அடியிலிருந்த உறையைத் திறக்கும்வரை. பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகைத் தாள். ஒரு பக்கம்தான். கையெழுத்திட்டு அனுப்பினால் டாக்டர் மாரித்தே நேரில் வந்து கூடத்தைத் திறந்துவைப்பார். உம்தா ஏற்கெனவே மாகாண அலுவலகத்துக்குத் தேதி சொல்லிவிட்டார். ஊர்க்குழுவின் தலைவி என்ற முறையில் கையெழுத்து அப்லாவுடையது.

கடைசி வரிக்கு முந்தைய வரியில் அவர் நின்றுவிட்டார். மூன்று நாள் அந்தத் தாள் அவர் மேசை இழுப்பறையிலேயே இருந்தது.

நான்காம் நாள் உம்தா வந்தார். கையெழுத்துப் போடமுடியாது என்று அப்லா சொன்னார். உம்தாவுக்கு வந்த கோபத்தில் நியாயம் இருந்தது. ரிதாவின் பெயரைச் சொன்னார். அடுத்த பிரசவம் யாருடையது என்று பெயர் பெயராகச் சொன்னார். ஊரில் மூன்று பேர் மாசமாக இருந்தார்கள். ஒரு வரிக்காக ஒரு சாலையை விடுவீர்களா என்று கேட்டார். அன்றைக்கு முதல்முறையாகத் தான் பிடிவாதக்காரி மட்டும்தானோ என்று அவருக்கே சந்தேகம் வந்தது. (எனக்கும் இந்த இடத்தில் அவர்மேல் சந்தேகம் வந்தது. ஒரு பத்து நாள் கதையை எழுதாமல் விட்டுவிட்டேன்.)

கடைசியில் அப்லா தாளை உம்தாவின் கையிலேயே கொடுத்தார். வெள்ளிக்கிழமை ஊரைக் கூட்டி நீங்களே வாசித்துக் காட்டுங்கள்; ஊர் சரி என்றால் நான் போடுகிறேன்.

7

வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து. பள்ளி முற்றத்தில் பிள்ளைகளின் பெஞ்சுகளில் பெரியவர்கள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். தேவாலயத்துக்காரர்களும் வந்திருந்தார்கள், பஸாதா முன்வரிசையில். உம்தாவுக்குக் குரல் கணீர் என்றிருக்கும். ஆனால் வாசித்துக்கொண்டே பொருளைப் பிடிக்கிற பழக்கம் இல்லை. தட்டுத்தடுமாறாமல் கடைசிவரை போய்விட்டார். அந்த வரியையும்:

இந்த அன்பளிப்புடன் சிலை தொடர்பான எல்லாப் பேச்சும் இனிதே முடிவடைந்ததென இரு தரப்பும் மகிழ்ச்சியுடன் ஏற்கின்றன.

கசாப்புக் கடை சாபிர் கையைத் தூக்கினார். "உம்தா, ரெண்டு தரப்புன்னா யாரு?"

"அவங்களும் நாமளும்."

"மகிழ்ச்சின்னு போட்டிருக்கே. நாம எப்ப மகிழ்ந்தோம்?"

முற்றம் சிரித்தது. உம்தாவும் சிரிக்கப் பார்த்து, பாதியில் நிறுத்தி, அந்த வரியைத் தனக்குள் இன்னொரு தரம் படித்தார். அப்புறம் சாலை விஷயத்தை எடுத்தார். சிரிப்பு அடங்கியது. சாலை என்றால் யாருக்கும் சிரிப்பு வராது. ஆட்கள் இரண்டாகப் பிரிந்து பேசினார்கள். கையெழுத்துப் போட்டுவிடலாம் என்ற பக்கம்தான் தலை அதிகம்.

அப்போது ரிதா எழுந்தாள். இடுப்பில் அந்த ஆட்டோவில் பிறந்த குழந்தை. அவள் பொதுவில் பேசி யாரும் கேட்டதில்லை.

"ரோடு வேணும். என்னைவிட யாருக்குத் தெரியும்? ஆனா ரோடு வேற, இவ வேற. ரெண்டையும் எதுக்கு ஒரே தாள்ல கட்டுறீங்க? எனக்கு வலி எடுத்தப்ப நான் ரோடு கேட்டேன். இவள விட்டுக்கொடுக்கிறேன்னு நான் சொல்லல."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். குழந்தை அவள் முக்காட்டை இழுத்தது.

உம்தா தாளை மடித்தார். எனக்கும் மகிழ்ச்சி இல்லை என்று ஊரறியச் சொன்னார். பிறகு அப்லா பக்கம் திரும்பி, "இனிமே என்ன பண்றதுன்னு நீங்களே சொல்லுங்க அப்லா. எனக்கு வாசிக்கத்தான் தெரியும், யோசிக்க நீங்க" என்றார். அதில் கிண்டல் எத்தனை, மரியாதை எத்தனை என்று அப்லா இன்றுவரை அளந்துகொண்டிருக்கிறார்.

அந்த வாரம் அவர் எழுதிய பன்னிரண்டாவது கடிதம் இது. என் கைச்சரக்கு ஒரு சொல்லும் இல்லை:

மதிப்புக்குரிய டாக்டர் மாரித் அவர்களுக்கு, சலாம். நீங்கள் அனுப்பிய நகல் நலமாக வந்து சேர்ந்தது. எங்களோடு நாற்பது நாள் இருந்தது. நீங்கள் சொன்னது உண்மை. அசலுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. பார்வையாளர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் வேண்டியதெல்லாம் இதில் இருக்கிறது என்ற உங்கள் கருத்தை எங்கள் ஊர் ஒருமனதாக ஏற்கிறது. ஆகவே இதை உங்களுக்கே அனுப்புகிறோம். இதை உங்கள் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக்கொண்டு, அங்கே இருப்பவளை எங்களுக்கு அனுப்பிவிடுங்கள். மரப்பெட்டி உறுதியானது. அவள் வருவதற்கும் அதையே பயன்படுத்தலாம்.

8

பெட்டியைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோனபோது உஸ்தாத் ஃபஹ்மி ஆளை அடையாளம் கண்டுகொண்டார். பழையதை வெளியே அனுப்பக்கூடாது என்று சட்டம், அதனால் இது பழையதில்லை என்று மறுபடி எழுதித் தரவேண்டும் என்று தொடங்கினார். அப்லா முதல் தடவை எழுதிக் கொடுத்ததன் நகலை நீட்டினார். ஃபஹ்மி கடிதத்தையும் படித்தார். படித்துவிட்டுப் பக்கத்து அறைக்காரர்களைக் கூப்பிட்டு அவர்களையும் படிக்கச் சொன்னார். முத்திரை குத்தும்போது வழக்கத்தைவிட ஓங்கிக் குத்தினார் என்று பஸாதா சொல்கிறார். பஸாதா அங்கே இல்லை. ஆனாலும் அவர் சொன்னதை நான் நம்புகிறேன்.

(சாலை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். தார் இன்னும் திட்டத்தில்தான் இருக்கிறது. உம்தா மாகாண அலுவலகத்துக்கு வாராவாரம் போகிறார், இந்தத் தடவை சிலையைப் பற்றிப் பேசாமல் பிரசவங்களைப் பற்றி மட்டும் பேசுகிறார். இதற்கிடையில் எங்கள் ஆலையில் கரும்புச்சக்கை எரித்த சாம்பலும் கசடும் மலையாகக் குவிந்து கிடந்தன. மேலாளரிடம் கேட்டு அறுபது லாரி அனுப்பிவைத்தேன். கொட்டி மிதித்துச் சமன்படுத்தியது ஊர்க்காரர்கள். பிரமாதம் என்று சொல்லமுடியாது, ஆம்புலன்ஸ் போகிறது. கதாசிரியன் தன் கதையில் தானே நல்லவனாக வருவது அழகில்லை என்பதால் இதை அடைப்புக்குறிக்குள் வைத்திருக்கிறேன்.)

இரண்டு மாதம் கழித்து டாக்டர் மாரித்திடமிருந்து பதில் வந்தது. பெட்டி வந்து சேர்ந்தது. உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் எல்லோரும் படித்தோம். சிலர் சிரித்தோம், சிலர் சிரிக்கவில்லை. இதைப் பற்றி முடிவெடுக்கும் குழு விரைவில் கூடும். அச்சடித்த இந்த வரிகளுக்குக் கீழே பேனாவால் ஒரு வரி: வாத்தை ஏன் எழுதவில்லை என்று நானும் இங்கே கேட்டிருக்கிறேன்.

அப்லா அந்தப் பேனா வரியைத்தான் எனக்கு முதலில் காட்டினார். ஒன்பது வருடத்தில் அவருடைய கேள்வியை இன்னொருவர் கேட்டது இதுதான் முதல் தடவை.

9

இனி முடிவு. என்னிடம் மூன்று இருந்தன.

முதலாவது: அப்லா ஒப்புகைத் தாளில் கையெழுத்துப் போடுகிறார், ஆனால் முடிந்தது என்று பொருள்படும் அரபிச் சொல்லின் தலையிலிருக்கும் ஒரு புள்ளியைச் சுரண்டிவிடுகிறார். அந்தப் புள்ளி போய்விட்டால் அதே சொல்லுக்குக் கட்டாயமாயிற்று என்று பொருள். ஒற்றைப் புள்ளியில் அருங்காட்சியகம் மாட்டிக்கொள்கிறது. எனக்கு மிகவும் பிடித்த முடிவு. அப்லாவிடம் படித்துக் காட்டினேன். "இருபத்தெட்டு வருஷமா புள்ளி விட்ட பிள்ளைங்கள எழுப்பி நிக்க வெச்சிருக்கேன். நான் போய் புள்ளியத் திருடுவேனா?" என்றார். அடித்துவிட்டேன்.

இரண்டாவது: குழு கூடுகிறது, எல்லோரும் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள், உம்மு வெஸ்ஸா கப்பலேறுகிறாள், நஸ்லத் ஷாஹீனில் பெண்கள் குலவையிட்டு— இதை எழுதும்போதே என் கை நின்றுவிட்டது. நடக்காது என்பதால் அல்ல. நடந்தால் நான் எழுதியதால் நடந்த மாதிரி ஆகிவிடும்.

மூன்றாவது: நகல் மறுபடி வருகிறது. மறுபடி போகிறது. இப்படியே கப்பலில் போய் வந்து போய் வந்து அதற்கும் ஒரு பழமை ஏறி, ஒரு நாள் ஃபஹ்மிக்குப் பிறகு வரும் அதிகாரி இது தொல்பொருள் என்று பிடித்துவைத்துவிடுகிறார். இதற்கு அப்லா வாய்விட்டுச் சிரித்தார். ஆனால், "சிரிப்புக் கதையா முடிச்சிடாதீங்க, குழு கூடப்போகுதுல்ல" என்றார்.

அப்படியானால் நீங்களே ஒரு முடிவு சொல்லுங்கள் என்றேன். அவர் வீட்டு வாசலில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம்.

"நான் எழுதினா அது புகாராயிடும். நீங்க எழுதினா பொய்யாயிடும்" என்றார். "இத யாரு படிக்கப் போறாங்க?"

தமிழில் படிக்கிறவர்கள் என்றேன். அவர்களுக்கு இதெல்லாம் புரியுமா என்று கேட்டார். புரியும் என்றேன். எங்கள் பக்கத்துக் கோயில்களின் செப்புச் சிலைகளும் வெளிநாடுகளில் கண்ணாடிக்குள் நிற்கின்றன, சில திரும்பி வந்திருக்கின்றன, பல வரவில்லை. எங்கள் ஊர்க் கோயிலில்கூட ஒரு பீடம் காலியாக இருக்கிறது. நான் பிறப்பதற்கு முன்பே போன அம்மன். எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும், இணையத்தில் படம் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊர்ப் பழைய புகைப்படத்தில் இருக்கும் அதே முகம், இடது தோளில் அதே வெட்டு. இதையெல்லாம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அப்லா கேட்டுக்கொண்டே இருந்தார். மாணவன் ஒப்பிக்கும்போது கேட்கிற மாதிரி, முடியட்டும் என்று.

"அவள வெச்சிருக்கிறவங்களுக்கு நீங்க எத்தன கடிதம் எழுதியிருக்கீங்க?"

நான் தேநீர்க் கோப்பையைப் பார்த்தேன்.

"ஒன்னுகூட இல்ல?"

"இல்ல அப்லா."

"பத்தொம்பது வருஷமா இங்க உக்காந்து எங்க கதையை எழுதிட்டிருக்கீங்க" என்றார். திட்டவில்லை. இன்னும் கொஞ்சம் சர்க்கரை போட்டு என் கோப்பையை நிரப்பினார்.

ஆகவே வாசகரே, குழு இன்னும் கூடவில்லை. நஸ்லத் ஷாஹீனில் அவளுக்கு ஓர் அலமாரி துடைத்து வைத்திருக்கிறது, அங்கே ஒரு பெட்டி காத்திருக்கிறது, நடுவில் கடல். முடிவை உங்களிடம் விடுகிறேன். உங்களுக்கு எது நியாயம் என்று படுகிறதோ அதை எழுதிக்கொள்ளுங்கள், புள்ளி மட்டும் சரியாக இருக்கட்டும்.

எனக்கு நேரமில்லை. இடது தோளில் ஒரு வெட்டு இருக்கிறது என்று தொடங்கி ஒரு கடிதம் எழுத வேண்டும்.